டாம்கேட் ரீஸ்டார்ட் ஆனதும் 'உள்ளே இருப்பவர்கள்' எண்ணிக்கை மைனஸில் போகிறது: செஷன்களை விடாமல் கண்காணிப்பது எப்படி?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் ஒரு ஜாவா வெப் அப்ளிகேஷனைப் பார்த்துக்கொள்கிறேன். டாம்கேட் 9 (ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வர்), சாதாரண சர்வ்லெட், ஜேஎஸ்பி. ஸ்பிரிங் கிடையாது. அட்மின் பக்கத்தில் 'இப்போது உள்ளே இருப்பவர்கள்' என்று ஒரு பட்டியல் உண்டு: பெயர், ஐபி முகவரி, உள்ளே வந்த நேரம். அதற்கு மேலே மொத்த எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு ஒரு ஸ்டாட்டிக் கவுன்டர்; செஷன் (ஒரு பயனரைப் பற்றி சர்வர் நினைவில் வைத்திருக்கும் தகவல்) உருவானாலோ அழிந்தாலோ டாம்கேட் கூப்பிடும் கோடான செஷன் லிஸனரில், உருவானால் ஒன்று கூடும், அழிந்தால் ஒன்று குறையும். பட்டியலுக்கு ஒரு ஸ்டாட்டிக் மேப். லாகின் ஆகும்போது சேர்க்கிறோம், செஷன் அழியும்போது எடுக்கிறோம்.

நாள் முழுக்க சரியாகத்தான் ஓடுகிறது. டாம்கேட்டை நிறுத்தி மறுபடி ஏற்றினால்தான் குழப்பம். பயனர்கள் யாரும் வெளியே தள்ளப்படுவதில்லை, அவரவர் வேலை அப்படியே தொடர்கிறது. ஆனால் அட்மின் பட்டியல் காலி, கவுன்டர் 0. அரை மணி நேரம் போனால் -3, அப்புறம் -8 என்று இறங்கிக்கொண்டே போகிறது. லாகின் வரலாறு டேபிளிலும் இவர்களுடைய வெளியேறிய நேரம் பதிவாவதில்லை, ஏனென்றால் எந்த வரியைத் திருத்துவது என்ற தகவல் அந்த மேப்பில்தான் இருந்தது.

செஷன் உயிரோடு இருக்கிறது என்றால் லிஸனர் ஏன் கூப்பிடப்படவில்லை? கூப்பிடப்படவில்லை என்றால், அழியும்போது மட்டும் ஏன் கூப்பிடப்படுகிறது?

இரவுப்பணி எழுதியது:

ரெடிஸ் (தனியாக ஓடும் தகவல் சேமிப்பு) ஒன்றை வைத்து ஸ்பிரிங் செஷனுக்கு மாறிவிடுங்கள். செஷன் சர்வருக்கு வெளியே போய்விட்டால் ரீஸ்டார்ட் ஒரு பிரச்சினையே இல்லை. இந்தக் காலத்தில் டாம்கேட் மெமரியில் செஷன் வைப்பது வீண் வேலை.

கல்மண்டபம் எழுதியது:

ரெடிஸ் தேவையா இல்லையா என்பதை அப்புறம் பேசலாம். ஒரே சர்வர், உள் அலுவலகப் பயன்பாடு, ஸ்பிரிங்கே இல்லாத கோட். அவர் கேட்டது 'ஏன்' என்று. அதற்குப் பதில் தெரியாமல் ரெடிஸுக்குப் போனால் இதே பிழை அங்கேயும் கூடவே வரும்.

டாம்கேட்டில் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் ஸ்டாண்டர்ட் மேனேஜர் என்ற கிளாஸ்தான் செஷன்களைப் பார்த்துக்கொள்கிறது. அப்ளிகேஷன் முறைப்படி நிறுத்தப்படும்போது, அந்த நேரத்தில் உயிரோடு இருக்கும் எல்லா செஷன்களையும் சீரியலைஸ் செய்து (ஃபைலில் எழுதக்கூடிய பைட்டுகளாக மாற்றி) செஷன்ஸ்.செர் என்ற ஒரே ஃபைலில் எழுதிவைக்கும். வொர்க் ஃபோல்டருக்குள் கேட்டலினா, அதற்குள் லோக்கல்ஹோஸ்ட், அதற்குள் உங்கள் அப்ளிகேஷன் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும், அங்கே போய்ப் பாருங்கள். சர்வர் நின்றிருக்கும் நேரத்தில் மட்டும்தான் அந்த ஃபைல் கண்ணில் படும். ஏறியவுடன் அதைப் படித்து செஷன்களை மெமரிக்குக் கொண்டுவந்துவிட்டு ஃபைலை அழித்துவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 12 பேர் உள்ளே இருக்கும்போது நிறுத்துகிறீர்கள் என்று வையுங்கள். 12 செஷன்களும் ஃபைலுக்குப் போகின்றன. மெமரியில் இருந்த பிரதியை டாம்கேட் காலி செய்கிறது, ஆனால் யாருக்கும் அறிவிக்காமல். செஷன் உண்மையில் முடியவில்லையே, அதனால் 'அழிந்தது' என்று சொல்வதில்லை. திரும்ப ஏற்றும்போதும் அதே நியாயம்: 12 செஷன்கள் மெமரிக்கு வருகின்றன, ஆனால் அவை புதிதாக உருவாகவில்லை, அதனால் 'உருவானது' என்று சொல்வதில்லை. உங்கள் ஸ்டாட்டிக் கவுன்டர் மட்டும் புது ஜேவிஎம்மில் (ஜாவா கோடை ஓட்டும் ப்ராசஸ்) 0-இல் பிறந்திருக்கிறது. இனி அந்த 12 பேரில் ஒவ்வொருவரும் லாகவுட் ஆகும்போதும், 30 நிமிட டைம்அவுட்டில் காலாவதியாகும்போதும் 'அழிந்தது' என்ற அறிவிப்பு மட்டும் வரும். கூட்டல் இல்லாத கழித்தல். வேறு யாரும் புதிதாக வராவிட்டால் நேராக -12 வரை போகும்.

ஆக டாம்கேட்டில் பிழை இல்லை. ஒரு செஷனின் ஆயுள் ஒரு ஜேவிஎம்மின் ஆயுளைவிட நீளமாக இருக்கலாம். ஸ்டாட்டிக் வேரியபிளின் ஆயுள் அப்படி நீளாது. செஷனைப் பற்றிய தகவலை செஷனைவிடக் குறைந்த ஆயுள் உள்ள இடத்தில் வைத்ததுதான் சிக்கல்.

வைகைக்கரை எழுதியது:

இப்போது புரிகிறது, மிக்க நன்றி. சர்வரை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன், செஷன்ஸ்.செர் அங்கேதான் இருக்கிறது. அப்படியென்றால் இந்தச் சேமிப்பையே அணைத்துவிட்டால்? கான்டெக்ஸ்ட் ஃபைலில் (அப்ளிகேஷனுக்கான டாம்கேட் அமைப்பு ஃபைல்) மேனேஜரின் பாத்நேமை, அதாவது சேமிக்கும் ஃபைலின் பெயரை, காலியாக விட்டால் போதும் என்று படித்தேன்.

இரவுப்பணி எழுதியது:

அதுதான் சுத்தமான வழி. டாம்கேட் 10.1-இல் இது இயல்பாகவே அணைந்துதான் வருகிறது, வேண்டுமென்றால் நாம்தான் இயக்கிக்கொள்ள வேண்டும். அணைத்துவிட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. நிறுத்தும்போது டாம்கேட் எல்லா செஷன்களையும் முறைப்படி காலாவதியாக்கும், அப்போது 'அழிந்தது' லிஸனர் ஒவ்வொன்றுக்கும் கூப்பிடப்படும். உங்கள் வரலாறு டேபிளில் வெளியேறிய நேரம் தானாக விழுந்துவிடும். மேனேஜர் நின்ற பிறகுதான் கான்டெக்ஸ்ட் லிஸனர்கள் (அப்ளிகேஷன் ஏறும்போதும் நிற்கும்போதும் கூப்பிடப்படுபவை) நிறுத்தப்படுகின்றன. ஆகவே டேட்டாபேஸ் பூலை (தயாராக வைத்திருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகள்) அங்கே மூடுகிறீர்கள் என்றாலும் பூல் அதுவரை உயிரோடுதான் இருக்கும்.

கல்மண்டபம் எழுதியது:

சொன்னதெல்லாம் சரி, ஆனால் விலை என்ன என்று பாருங்கள். மதியம் ஒரு சின்னத் திருத்தத்துக்காக ரீஸ்டார்ட் செய்தால், நீளமான படிவத்தை நிரப்பிக்கொண்டிருப்பவர் 'சேமி' என்று அழுத்தும்போது லாகின் பக்கம் வந்து நிற்கும். நிரப்பியது போயே போச்சு. அட்மின் பக்கத்தில் ஒரு எண் சரியாக வர வேண்டும் என்பதற்காக வேலை செய்கிற மனிதரைத் தண்டிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இங்கே சேமிப்பு ஒழுங்காக வேலை செய்கிறது, கணக்குதான் தவறு. கணக்கைத் திருத்துவோம்.

இதற்கு சர்வ்லெட் ஏபிஐயிலேயே வழி இருக்கிறது. 'உள்ளிருப்பு' என்று ஒரு சின்ன கிளாஸ் எழுதுங்கள். அதில் மூன்று விஷயம்: பயனர் ஐடி, உள்ளே வந்த நேரம், வரலாறு டேபிளின் வரி எண். அவ்வளவே. அந்த கிளாஸ் சீரியலைஸபிள் ஆக இருக்கட்டும், கூடவே செஷன் பைண்டிங் லிஸனர், செஷன் ஆக்டிவேஷன் லிஸனர் என்ற இரண்டு இன்டர்ஃபேஸ்களையும் இம்ப்ளிமென்ட் செய்யட்டும். லாகின் ஆனதும் இந்த ஆப்ஜெக்ட்டை செஷனில் ஒரு அட்ரிபியூட்டாக (செஷனுக்குள் பெயரிட்டு வைக்கும் மதிப்பு) வையுங்கள்.

வைத்த கணமே 'வேல்யூ பவுண்ட்' கூப்பிடப்படும்: பட்டியலில் சேருங்கள். லாகவுட்டிலோ டைம்அவுட்டிலோ 'வேல்யூ அன்பவுண்ட்' கூப்பிடப்படும்: பட்டியலிலிருந்து எடுத்து, வெளியேறிய நேரத்தை எழுதுங்கள். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு ஃபைலிலிருந்து செஷன் திரும்ப ஏறும்போது 'செஷன் டிட் ஆக்டிவேட்' கூப்பிடப்படும்: மறுபடி பட்டியலில் சேருங்கள். உங்களிடம் இல்லாமல் போனது இந்த மூன்றாவது அழைப்புதான். அட்ரிபியூட்டாக உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட் என்பதால் வெப்.எக்ஸ்எம்எல்லில் (அப்ளிகேஷனின் அமைப்பு ஃபைல்) பதிவு செய்யவும் வேண்டாம்.

கவுன்டரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். எண்ணிக்கை வேண்டுமென்றால் மேப்பின் அளவைக் கேளுங்கள், அது ஒருபோதும் மைனஸில் போகாது. மேப்பை ஸ்டாட்டிக்காக வைக்காமல் சர்வ்லெட் கான்டெக்ஸ்ட்டில் வையுங்கள், நிகழ்வு ஆப்ஜெக்ட்டிலிருந்து செஷன், அதிலிருந்து கான்டெக்ஸ்ட் என்று எட்டிவிடலாம். அதை உருவாக்கும் இடம் முக்கியம். டாம்கேட் முதலில் கான்டெக்ஸ்ட் லிஸனர்களைக் கூப்பிட்டு, அப்புறம் மேனேஜரை ஏற்றி, அதற்கும் பிறகுதான் லோட்-ஆன்-ஸ்டார்ட்அப் சர்வ்லெட்டுகளை (அப்ளிகேஷன் ஏறும்போதே ஏற்றச் சொன்னவை) தொடுகிறது. மேப்பை ஒரு சர்வ்லெட்டின் இனிட்டில் உருவாக்கினால், செஷன்கள் திரும்ப ஏறும் நேரத்தில் மேப்பே இருக்காது. கான்டெக்ஸ்ட் லிஸனரில் உருவாக்குங்கள்.

இன்னொன்று. மேப்பின் சாவியாக செஷன் ஐடியை வைக்காதீர்கள். லாகின் ஆனதும் செஷன் ஐடியை மாற்றுவது நல்ல பாதுகாப்புப் பழக்கம், சர்வ்லெட் 3.1 முதல் அதற்கென்றே ஒரு மெத்தட் இருக்கிறது. ஐடி மாறினால் பழைய சாவி அநாதையாகிவிடும். உள்ளிருப்பு ஆப்ஜெக்ட்டுக்குள் ஒரு யூயூஐடி (வேறெதோடும் மோதாத தனி அடையாள எண்) போட்டு அதையே சாவியாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதுவரவு எழுதியது:

கல்மண்டபம் அண்ணா, ஒரு சந்தேகம். எங்கள் அப்ளிகேஷனும் டாம்கேட் 9-தான். ஆனால் எங்களுக்கு ரீஸ்டார்ட் ஆனதும் லாகின் பக்கம் வருகிறது. திரும்ப லாகின் செய்தால் கார்ட்டில் போட்ட பொருட்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. இது எப்படி?

கல்மண்டபம் எழுதியது:

தம்பி, நீங்கள் டாம்கேட்டின் சொந்த ஃபார்ம் லாகினைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன், அதாவது வெப்.எக்ஸ்எம்எல்லில் லாகின் கான்ஃபிக் எழுதியிருப்பீர்கள். அப்போது 'இவர் இன்னார்' என்ற தகவல் அட்ரிபியூட்டாக இருக்காது, செஷனுக்குள் தனி இடத்தில் இருக்கும். ஃபைலில் எழுதும்போது அதை டாம்கேட் வேண்டுமென்றே விட்டுவிடுகிறது. மேனேஜரில் பெர்சிஸ்ட் ஆதென்டிகேஷன் என்று ஒரு அமைப்பு உண்டு, இயல்பில் ஃபால்ஸ். ட்ரூ ஆக்கினால் அதுவும் சேர்ந்து எழுதப்படும். வைகைக்கரை தன் கோடிலேயே லாகின் செய்து அட்ரிபியூட்டில் வைப்பதால் அவருக்கு இது வரவில்லை.

வைகைக்கரை எழுதியது:

உள்ளிருப்பு கிளாஸை எழுதி டெஸ்ட் சர்வரில் போட்டேன். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு பட்டியல் அப்படியே திரும்பி வருகிறது! ஆனால் சில பயனர்களுக்கு வேறொரு இடத்தில் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் (இல்லாத ஆப்ஜெக்ட்டைத் தொட்டால் வரும் பிழை) வருகிறது. செஷன் இருக்கிறது, உள்ளிருப்பு இருக்கிறது, ஆனால் 'தேடல் முடிவு' என்று நாங்கள் வைக்கும் இன்னொரு அட்ரிபியூட் மட்டும் காணோம்.

தாமிரபரணி எழுதியது:

கேட்டலினா லாகில், சர்வர் நின்ற நேரத்தில், செஷன் அட்ரிபியூட்டை சீரியலைஸ் செய்ய முடியவில்லை என்று ஒரு எச்சரிக்கை இருக்கலாம், பாருங்கள். சீரியலைஸ் ஆகாத அட்ரிபியூட்டை டாம்கேட் செஷனிலிருந்து கழற்றிவிட்டு மற்றதை எழுதும். எதுவும் நின்றுபோகாது, அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

தேடல் முடிவு என்கிறீர்களே, அதில் சப்லிஸ்ட் பயன்படுத்தினீர்களா? பக்கம் பக்கமாகக் காட்ட அரேலிஸ்ட்டின் சப்லிஸ்ட்டை அப்படியே செஷனில் வைப்பார்கள். அரேலிஸ்ட் சீரியலைஸபிள், ஆனால் அதன் சப்லிஸ்ட் அப்படி இல்லை! ஹேஷ்மேப்பின் கீசெட்டும் அப்படித்தான். ஆப்ஷனலும் சீரியலைஸபிள் இல்லை. புது அரேலிஸ்ட்டில் பிரதி எடுத்து வைத்தால் சரியாகிவிடும். அனானிமஸ் இன்னர் கிளாஸ் இன்னும் மோசம், தன்னைச் சுற்றியுள்ள கிளாஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். எந்த ஃபீல்டால் வந்தது என்று பிடிபடவில்லையென்றால், ஜேவிஎம்மை ஏற்றும்போது சன்.ஐஓ.சீரியலைசேஷன்.எக்ஸ்டெண்டட்டீபக்இன்ஃபோ என்ற ப்ராப்பர்ட்டியை ட்ரூ என்று கொடுங்கள். பிழைச் செய்தியிலேயே எந்த ஆப்ஜெக்ட்டுக்குள் எந்த ஃபீல்டு என்று பாதை முழுதும் வரும். அருமையான வசதி, பலருக்குத் தெரியாது.

அடுத்த டிப்ளாய்க்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். செஷனில் வைக்கும் ஒவ்வொரு கிளாஸிலும் சீரியல் வெர்ஷன் யூஐடியை நீங்களே எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் கம்பைலர் கிளாஸின் அமைப்பைப் பார்த்துக் கணக்கிடும் மதிப்பில் ஓடும். அடுத்த முறை ஒரு பப்ளிக் மெத்தட் சேர்த்தாலே அது மாறிவிடும். பழைய ஃபைலைப் புது கிளாஸால் படிக்க முடியாது, 'சேமித்த செஷன்களை ஏற்றுவதில் பிழை' என்று லாகில் ஒரு வரி வரும். எல்லா செஷன்களும் ஒரே ஃபைலில் வரிசையாக இருப்பதால் ஒருவருடைய ஒரு ஆப்ஜெக்ட் கெட்டாலும் அதற்குப் பின்னால் இருப்பவர்கள் அத்தனை பேரும் போவார்கள்.

கல்மண்டபம் எழுதியது:

தாமிரபரணி சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம்: அந்த மதிப்பைக் கம்பைலர் கணக்கிடுவதில்லை, சீரியலைஸ் செய்யும்போது ஜேவிஎம் கணக்கிடுகிறது. கம்பைலர் உருவாக்கும் உள் விவரங்களைப் பொறுத்து அது மாறலாம் என்பது உண்மை. அறிவுரை மாறாது, நீங்களே எழுதிவையுங்கள்.

தாமிரபரணி எழுதியது:

ஆமாம், நீங்கள் சொல்வதுதான் சரி.

டாக்கருக்கு (அப்ளிகேஷனை கன்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டும் கருவி) மாறும் எண்ணம் இருந்தால் இதையும் கவனியுங்கள். மேலே பேசியதெல்லாம் 'முறைப்படி நிறுத்தினால்' மட்டும். கில் -9 (ப்ராசஸை உடனே கொல்லும் கட்டளை) கொடுத்தால் ஃபைல் எழுதப்படாது, பைண்டிங் லிஸனரும் கூப்பிடப்படாது. டாக்கர் ஸ்டாப் இயல்பில் 10 விநாடி காத்திருந்துவிட்டுக் கொன்றுவிடும், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் 30 விநாடி. அதிலும் டாக்கர்ஃபைலில் சிஎம்டி வரியை ஷெல் வடிவத்தில் எழுதினால், நிறுத்தச் சொல்லும் சிக்னல் ஷெல்லோடு நின்றுபோய் ஜாவாவுக்குப் போய்ச் சேராமலே இருக்கலாம். கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கினால் வொர்க் ஃபோல்டரும் புதிது, செஷன்ஸ்.செர் எழுதியும் பயனில்லை. அதற்கு ஒரு வால்யூம் (கன்டெய்னர் மாறினாலும் அழியாத சேமிப்பிடம்) வேண்டும்.

ஓலைச்சுவடி எழுதியது:

பாதுகாப்பு பற்றி யாரும் பேசவில்லையே. சீரியலைஸ் செய்த ஃபைலைப் படிப்பது என்பது, அந்த ஃபைலை எழுதியவர் யாரோ அவரை முழுதாக நம்புவது. 2020-இல் வந்த சிவிஇ-2020-9484 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பதிவெண்) பெர்சிஸ்டென்ட் மேனேஜரை ஃபைல்ஸ்டோரோடு, அதாவது செஷன்களை ஃபைல்களில் வைக்கும் வகையோடு, பயன்படுத்துபவர்களைத் தாக்கியது. 2025-இல் வந்த சிவிஇ-2025-24813 இன்னும் நேரடியானது. டிஃபால்ட் சர்வ்லெட்டில் (சாதாரண ஃபைல்களைப் பரிமாறும் டாம்கேட்டின் சொந்த சர்வ்லெட்) எழுதும் அனுமதி திறந்திருந்து, பகுதி பகுதியாக புட் செய்வது (ஃபைலை சர்வருக்கு ஏற்றும் ரிக்வெஸ்ட்) இயல்புபடி இயங்கி, செஷன்கள் இயல்பான இடத்தில் ஃபைலாகச் சேமிக்கப்பட்டு, சீரியலைசேஷன் ஓட்டை உள்ள லைப்ரரி ஒன்றும் கிளாஸ்பாத்தில் இருந்தால், வெளியாள் தன் கோடை உங்கள் சர்வரில் ஓட்டலாம். நான்கும் சேர வேண்டும் என்பது உண்மை, டிஃபால்ட் சர்வ்லெட்டில் எழுதும் அனுமதி இயல்பில் மூடியே இருக்கும் என்பதும் உண்மை. ஆனாலும் செஷன் சேமிப்பை இயக்கிவைப்பவர் டாம்கேட்டைப் புதுப்பிக்காமல் விடக் கூடாது. மேனேஜரில் அட்ரிபியூட்டின் கிளாஸ் பெயரை வடிகட்டும் ஒரு அமைப்பும் இருக்கிறது. வைகைக்கரை, உங்கள் செஷனில் இருக்கும் கிளாஸ்கள் நாலைந்துதான் என்றால் அவற்றை மட்டும் அனுமதியுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

கில் -9 என்றதும் என் பழைய கருத்துக்கே வருகிறேன். மின்சாரம் போனாலும் மெமரி நிரம்பி ஜேவிஎம் விழுந்தாலும் ஃபைல் எழுதப்படாது. வெளியே வையுங்கள்.

கல்மண்டபம் எழுதியது:

அந்த அளவில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் வெளியே வைத்தாலும் லிஸனரை நம்பி எண்ணினால் கை சுடும். ஸ்பிரிங் செஷனில் ஜேடிபிசி சேமிப்பு (செஷனை டேட்டாபேஸில் வைப்பது) செஷன் நிகழ்வுகளை வெளியிடுவதே இல்லை, உருவானது அழிந்தது எதுவும் வராது. ரெடிஸில் வேண்டுமென்றால் இன்டெக்ஸ் உள்ள வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம், மெமரி செஷனில் ஒரு ஆப்ஜெக்ட்டை எடுத்து உள்ளே மாற்றினாலே போதும். வெளிச் சேமிப்பில் மறுபடி செட் அட்ரிபியூட் கூப்பிடாவிட்டால் அந்த மாற்றம் போய்ச் சேராது. பழைய கோடை அப்படியே ரெடிஸுக்கு நகர்த்தும்போது இது பெரிய தலைவலி.

ஜேவிஎம் திடீரென்று விழுந்தாலும் கணக்கு நிற்க வேண்டும் என்றால், எண்ணும் வேலையை டேட்டாபேஸிடமே கொடுத்துவிடலாம். உங்களிடம் ஏற்கெனவே வரலாறு டேபிள் இருக்கிறது. அதில் 'கடைசியாகப் பார்த்த நேரம்' என்று ஒரு பத்தி சேருங்கள். ஒரு ஃபில்டர் (ரிக்வெஸ்ட் சர்வ்லெட்டைச் சேரும் முன் ஓடும் கோட்), ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் உள்ளிருப்பு ஆப்ஜெக்ட்டைப் பார்த்து, கடைசியாக எழுதி ஒரு நிமிடம் ஆகியிருந்தால் மட்டும் அந்த வரியைப் புதுப்பிக்கட்டும். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் எழுதினால் டேட்டாபேஸ் அநியாயத்துக்கு உழைக்கும். 'உள்ளே இருப்பவர்கள்' என்பது கடந்த 5 நிமிடத்தில் பார்க்கப்பட்டு, வெளியேறிய நேரம் காலியாக உள்ள வரிகள். சர்வர் ஒன்றோ இரண்டோ, டாம்கேட்டோ வேறு எதுவோ, இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் வரும்.

வைகைக்கரை எழுதியது:

இதுதான் எங்களுக்குப் பொருந்துகிறது. பத்தியைச் சேர்த்து, ஃபில்டர் எழுதி, பட்டியலை டேபிளிலிருந்தே எடுக்கிறேன். உள்ளிருப்பு கிளாஸை வெளியேறிய நேரம் எழுத மட்டும் வைத்துக்கொண்டேன், கான்டெக்ஸ்ட் மேப் தேவைப்படவில்லை. டெஸ்ட் சர்வரில் வேண்டுமென்றே கில் -9 கொடுத்துப் பார்த்தேன். செஷன்கள் போயின, ஆனால் 5 நிமிடத்தில் பட்டியல் தானாகச் சரியாகிவிட்டது.

ஒன்றே ஒன்று மிச்சம். அப்படிச் செத்த செஷன்களின் வரியில் வெளியேறிய நேரம் என்றைக்கும் காலியாகவே இருக்கும். சர்வர் ஏறும்போது காலியாக உள்ள எல்லா வரிகளையும் மூடிவிடலாமா?

கல்மண்டபம் எழுதியது:

வேண்டாம். முறைப்படி ரீஸ்டார்ட் செய்த நாளில் அந்த வரிகளுக்குரியவர்கள் இன்னும் உள்ளே இருப்பார்கள், அவர்களையும் மூடிவிடுவீர்கள். கடைசியாகப் பார்த்த நேரத்துக்குப் பிறகு செஷன் டைம்அவுட்டைவிட அதிக நேரம் ஆகியிருக்கும் வரிகளை மட்டும் மூடுங்கள். வெளியேறிய நேரமாக இப்போதைய நேரத்தைப் போடாமல் அந்தக் கடைசி நேரத்தையே போடுங்கள். ஏறும்போது ஒரு முறை, அப்புறம் மணிக்கு ஒரு முறை ஓடினால் போதும்.

சர்வர் நின்றிருந்த இடைவெளியில் டைம்அவுட் தாண்டிவிட்ட செஷன்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அவையும் ஃபைலிலிருந்து மெமரிக்கு வரும். டாம்கேட்டின் பின்னணி வேலை 10 விநாடிக்கு ஒரு முறை ஓடுகிறது, ஆறாவது ஓட்டத்துக்கு ஒரு முறை காலாவதி பார்க்கிறது. ஆகவே ஏறிய சுமார் ஒரு நிமிடத்தில் அவை கழிந்து, 'வேல்யூ அன்பவுண்ட்' கூப்பிடப்பட்டு, வரி மூடப்படும். அங்கேயும் 'இப்போது' என்று எழுதாமல், கடைசியாகப் பார்த்த நேரத்தையே எடுத்து எழுதுங்கள். இல்லாவிட்டால் இரவு முழுக்க சர்வர் நின்றிருந்த நாளில், மாலை 6 மணிக்கு வீட்டுக்குப் போனவர் காலை 8 மணிக்கு வெளியேறியதாக டேபிள் சொல்லும்.